வழுக்கிய பெல்ட்

வண்டி உறுமுகிறது, ஏற மறுக்கிறது. சூளகிரி அருகே நெடுஞ்சாலை ஏற்றத்தில், பின்னால் சரக்கு லாரி அலற, எங்கள் பழைய ஸ்கூட்டரோடு இருவரும் ஓரத்தில் ஒதுங்கி உயிர் தப்பிய மாலையை எளிதில் மறப்பதற்கில்லை. கார்புரேட்டர்தான் கோளாறு என்று இருமுறை பணம் கொடுத்துச் சுத்தம் செய்திருந்தோம். 1980-இல் டி.வி.எஸ். 50 பிறந்த ஓசூரில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் பஞ்சம்.

பாகலூர் சாலையில் வாய்த்த முதியவர் எஞ்சினைத் தொடவில்லை. இடப்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே கரும்பொடி; கருகிய ரப்பர் நாற்றம்.

"பெல்ட்டுக்குப் பிடிப்பே பக்கவாட்டுலதான் சார். அது பளபளன்னு இருந்தா வழுக்குதுன்னு அர்த்தம்."

கிளட்ச் ஷூ தேய்ந்தாலும் வண்டி இப்படியே உறுமுமாம். அதையும் பார்த்தார், நன்றாகவே இருந்தது. பெல்ட்டின் அகலத்தை அளந்தார். வரம்புக்குள்தான். பிறகு முன் புல்லியின் முகத்தில் விரலை ஓட்டி எங்களிடம் நீட்டினார்: எண்ணெய்ப் பிசுக்கு. கிராங்க் தண்டின் ஆயில் சீல் கசிந்திருந்தது. பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் வழுக்கியிருக்கும்.

சீலை மாற்றி, புல்லி முகங்களைத் துடைத்து உலர்த்தி, கையையும் கழுவிவிட்டு, அம்புக்குறி சுழலும் திசையை நோக்கப் புதுப் பெல்ட்டைப் பூட்டினார். 1958-இல் ஹாலந்தின் டாஃப் நிறுவனம் காரில் காட்டிய ஏற்பாட்டின் வழிவந்தது இது. கனடாவின் பனியில் ஓடும் ஸ்னோமொபைலும் இத்தகைய பெல்ட்டை நம்பியே ஓடுகிறது. அங்கே வழுக்கினால் என்ன செய்வார்களோ!

அடுத்த ஞாயிறு அதே ஏற்றம். பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பியது. அதற்குள் நாங்கள் மேட்டைக் கடந்திருந்தோம்.