பொது வாய்க்கால், சொந்த வரப்பு

திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் வர்ற ரோட்டுல துவாக்குடி பக்கம் என்.ஐ.டி. இருக்கு இல்லையா, அங்கே 2022 மே மாசம் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் திறந்தாங்க. பேரு 'பரம் பொருள்', வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். (பேரு வெச்சவர் நம்மாளாத்தான் இருக்கணும்!) பரம்பொருளோ, காலேஜ் லேப் சர்வரோ, பலபேர் புழங்குற மெஷின்ல ஒரே தலைவலி: ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு விஷம்.

என் சித்தப்பா பொண்ணு நெல் இலைப் படத்தை வெச்சு நோய் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி பண்றா. "அண்ணே, நேத்து வரைக்கும் ஓடுன புரோகிராம் இன்னைக்கு ஓடலைண்ணே. நான் எதையும் தொடலை. வர்ற வாரம் ரிவ்யூ" என்று அழாத குறை. லேப்ல யாரோ பொது பைத்தானில் நம்பை 2-ஐ ஏத்தியிருந்தாங்க. 2024 ஜூனில் வந்தது அது. பழைய 1-க்காக கம்பைல் பண்ணின லைப்ரரிகள் அதோட ஒத்துப்போகாது. ஏத்தினவருக்கும் அது தேவைதான். யாரைக் குத்தம் சொல்ல?

டெல்டாக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. கல்லணையில பிரியுற தண்ணி ஊருக்கே பொது. வரப்பு மட்டும் அவனவனுது. என் வயலுக்கு வேணும்னு ஆத்தங்கரையை வெட்ட முடியுமா?

அந்த வரப்புதான் விர்ச்சுவல் என்விரான்மென்ட். 2012-ல் வந்த பைத்தான் 3.3-லிருந்து 'வென்வ்' கூடவே வருது. அட்மின் தயவு தேவையில்லை. அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்:

முதல்ல எந்த பைத்தான்னு மாட்யூல் லோடு பண்ணிட்டு, அப்புறம் வென்வ் உருவாக்கு. பேக்கேஜ்களை லாகின் நோடிலேயே இறக்கிடு. பல இடங்களில் கம்ப்யூட் நோடுக்கு இன்டர்நெட் கிடையாது. ஜாப் ஸ்கிரிப்டிலும் அதே மாட்யூல், அதே ஆக்டிவேட் வரி இருக்கணும். டார்ச் மாதிரி பெரிசுகள் ஹோம் கோட்டாவை ஜிபி கணக்குல முழுங்கும், இடம் பாத்து வை.

அவளோட பழைய லாகில் நம்பை 1.26.4-ன்னு இருந்தது. அதையே புது வென்வில் போட்டோம். ராத்திரியே ஓடிடுச்சு.

ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாது. வென்வ் முழு பைத்தான் இல்லை, பொது பைத்தான் மேலதான் உட்கார்ந்திருக்கு. அதை அட்மின் தூக்கிட்டா இதுவும் போச்சு. ஆத்துல தண்ணி வராட்டா வரப்பு என்ன பண்ணும்? ஃபோல்டரை வேற இடத்துக்கு நகர்த்தினாலும் உடையும், உள்ளே பாதை எழுதியிருக்கும். அதனால 'பிப் ஃப்ரீஸ்' எடுத்து ஒரு ஃபைலில் வெச்சுக்குங்க. அது விதைநெல் மாதிரி. வயல் போனாலும் மறுபடி விதைக்கலாம்.