கழலாத நட்டும் காலேஜ் பையனும்!

'வண்டி ரிப்பேரா? நாமளே பார்த்துக்கலாம்... காசு மிச்சம்!' அப்படின்னு கிளம்புற ஆளா நீங்க? ஒரு நிமிஷம் நில்லுங்க பாஸ். ஸ்பேனரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி என் சோகக் கதையைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

எங்க வீட்டு வண்டி 2009 மாடல் மாருதி 800. சென்னை மாதிரி பெரிய நகரங்கள்ல 2010 ஏப்ரலோட விற்பனை நின்னு, 2014 ஜனவரியில தயாரிப்பே நின்னுபோன வண்டி. 15 வருஷம் முடிஞ்சதால 2024-ல ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டி வந்துச்சு. ஃபீஸ் மட்டுமே 5,000 ரூபாய். அதுக்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி எஃப்.சி. வாங்கணும். மெக்கானிக் அண்ணன் போட்ட எஸ்டிமேட் 14,000. அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற?"

படிக்கிறேன்தான். இன்ஜினோட பி-வி வரைபடத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். ஆனா, துருப்பிடிச்ச நட்டைக் கழட்டுறதுக்கு எந்த செமஸ்டர்லயும் பேப்பர் கிடையாதே! வாரத்துல மூணு நாள் தாத்தாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது இந்த வண்டிதான். இது நின்னா ஆட்டோவுக்குக் கொடுத்தே அப்பா சம்பளம் கரைஞ்சிடும். அதனால இறங்கிட்டேன்.

முதல் எதிரி சைலன்சர். ஓட்டை விழுந்த பைப்பை மாத்தணும். ரெண்டே ரெண்டு போல்ட். வீடியோல பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு சிரிக்கிறாங்க. அங்க வண்டி லிஃப்ட்ல தலைக்கு மேல நிக்குது, போல்ட்டெல்லாம் பளபளன்னு இருக்கு. நம்ம வண்டி வாசல்ல நிக்குது. நான் தரையில மல்லாந்து கிடக்கேன், கண்ணுல துரு கொட்டுது!

இரும்பு துருவா மாறுறப்போ முன்ன இருந்ததைவிட அதிக இடம் எடுத்துக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இருக்குற துளி இடைவெளியும் அடைஞ்சு, ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஆயிடும். சைலன்சர் போல்ட் தினமும் சூடாகி, ஆறி, மழைத்தண்ணி குடிச்சு வளர்ந்தது வேற. திறந்த வாய் ஸ்பேனர் நட்டோட ரெண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், முனை மழுங்கிடும். ரிங் ஸ்பேனர்தான் ஆறு முனையையும் கவ்வும். அதைப் போட்டு, துரு இளக்குற ஆயிலை அடிச்சு, ராத்திரி முழுக்க ஊற வெச்சேன். காலையில ஒண்ணு கழண்டுச்சு. இன்னொண்ணு? 'டங்'குன்னு தலை தெறிச்சுடுச்சு. மீதியை ஆக்ஸா பிளேடால அறுக்க மூணு மணி நேரம். புது போல்ட்டோட விலை 15 ரூபாய்!

இங்க ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. ஸ்டெப்னி மாத்துற ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. அது டயர் மாத்த மட்டும்தான். சமதரையில, தரையில நிக்குற டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுத்து, வண்டியை இரும்பு ஸ்டாண்டு மேல உக்கார வெச்சுட்டுத்தான் உள்ள போகணும். நான் ஸ்டாண்டை வாடகைக்கு எடுத்தேன். மிச்சம் பிடிக்க நினைச்ச காசுல அதுவும் போச்சு.

அடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஜி.பி. ரோட்டுல ஒரு கடையில ஏறி "800-க்கு பைப்"னு கேட்டா, "கார்ப்பரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா? என்ன வருஷம்? மெக்கானிக்கைப் பேசச் சொல்லு தம்பி." அண்ணே, நான்தாண்ணே மெக்கானிக்! எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லி வாங்கிட்டு வந்தும் ஓட்டை பொருந்தலை. மறுநாள் பழைய பைப்பையே பஸ்ல தூக்கிட்டுப் போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிச்சார்.

இதுல விடுகதை வேற. பிரேக்கை மிதிச்சா, பின்னாடி இண்டிகேட்டரும் மங்கலா எரியுது. பல்புல குறை இல்லை. ஃபியூஸும் நல்லாத்தான் இருக்கு. கடைசியில பார்த்தா டெயில் லைட்டோட எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கு. கரன்ட் திரும்பிப் போக வழி இல்லாம, பக்கத்து பல்பு வழியா குறுக்கு வழி தேடியிருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுக்கு ரெண்டு நிமிஷம், அதைக் கண்டுபிடிக்க ரெண்டு சாயங்காலம். ரிப்பேர் நேரத்துல முக்கால்வாசி இப்படித் தேடுறதுலயே போயிடுது பாஸ்.

பிரேக்கை மட்டும் நான் தொடலை. தாத்தா உக்காருற வண்டி. மெக்கானிக் அண்ணன்கிட்டயே விட்டுட்டு, பக்கத்துல ஸ்டூல் போட்டுப் பார்த்துட்டு இருந்தேன். பின் சக்கர டிரம் வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஆயில் அடிச்சார், சுத்தியலால தட்டினார், டீ குடிச்சுட்டு வந்து மறுபடி தட்டினார். சுத்தியல் வழுக்கி விரல்ல பட்டதும் அவர் விட்ட வார்த்தையை இந்தப் பக்கத்துல போட மாட்டாங்க.

அப்பதாங்க எனக்கு மனசு ஆறுச்சு!