பதினாறு ஸ்பிரிங்குகள்

உடைந்த வால்வு ஸ்பிரிங்கோடும் எஞ்சின் ஓடும். சொன்னால் பலர் நம்புவதில்லை. சுருளின் நடுவில் கம்பி முறிந்தால் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு, உயரம் கொஞ்சம் குறைந்து, அப்படியே உட்கார்ந்துவிடும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. ஆர்பிஎம் ஏற ஏறத்தான் ஒரு சிலிண்டர் திக்கும். அதைக் காதில் வாங்காமல் மேலும் மிதித்தால் வால்வு உள்ளே விழும், பிஸ்டன் மோதும், அத்தோடு எஞ்சின் செலவு.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையில், அப்படி உடைந்த ஸ்பிரிங் ஒன்றை மேஸ்திரி வாட்ச் ரிப்பேர்க்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு எங்களிடமும் லென்ஸைத் தந்தார். கம்பி குறுக்கே நேராக முறிந்திருக்கவில்லை. 45 டிகிரி சாய்வில் முறிந்திருந்தது. ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி உண்மையில் முறுக்கப்படுகிறது, அதனால் அந்தச் சாய்வு. முறிந்த முகத்தின் ஓரத்தில் ஓரிடம் மட்டும் அரைவட்டமாக வழவழப்பாக இருந்தது, மற்றதெல்லாம் சொரசொரப்பு. வழவழப்பின் நடுவில், மேல்தோலுக்குச் சற்று உள்ளே, ஒரு புள்ளி. எஃகு உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட தூசு. விரிசல் அங்கே பிறந்து, மெல்ல வளர்ந்து, மிச்சக் கம்பியால் தாங்க முடியாத நாளில் படக்கென்று முடிந்திருக்கிறது.

அது எங்கள் ஸ்பிரிங் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடிய வேறொருவருடைய கார். ஆனால் அதே கடை, அதே பெட்டி, அதே சமயம் வாங்கியது. எங்கள் பட்டறையில் ராலிக்குத் தயாராகி நின்ற மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினிலும் அதே கெட்டி ஸ்பிரிங் செட்டுதான். 16 வால்வு, வால்வுக்கு ஒரே ஸ்பிரிங். உள்ளே இன்னொரு சின்ன ஸ்பிரிங் இருந்திருந்தால் ஒன்று போனாலும் மற்றது வால்வைப் பிடித்துக்கொள்ளும். இதில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

"மாத்திப்புடலாமுங்களா மேஸ்திரி?" என்றார் வண்டி ஓட்டும் தம்பி.

"மாத்தறது பெருசில்லீங் தம்பி. எதை எடுத்துட்டு எதைப் போடறமுன்னு யோசிக்கோணுமுங்க."

அந்தக் காலத்தில் சோழவரத்தில் பந்தயம் ஓட்டிய ஆட்களுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை என்று எங்களூர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் பறந்த ஆர்டி 350 பைக்குக்கு வால்வு ஸ்பிரிங் ஏது? அது டூ-ஸ்ட்ரோக். பந்தயக்காரர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய பிறகுதான் எங்கள் ஊர்ப் பையன்கள் பலருக்கு வால்வு, கேம் என்ற பேச்சே பழகியது. பணக்காரர்கள் ஸ்பிரிங்கையே ஒழித்துவிட்டார்கள். 1954-ல் மெர்சிடிஸ் கிராண்ட் பிரீ கார், 1956-ல் டுகாட்டிக்கு ஃபாபியோ தாலியோனி: வால்வைத் திறக்கவும் கேம், மூடவும் கேம். 1986-ல் ஃபார்முலா ஒன்னில் ரெனோ ஸ்பிரிங் இருந்த இடத்தில் காற்றழுத்தத்தை வைத்தது. நமக்கு வாய்த்தது கம்பிச் சுருள்.

அந்தச் சுருளைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. எஞ்சின் 7,000 சுற்றில் ஓடும்போது வால்வு நிமிடத்துக்கு 3,500 முறை திறந்து மூடும். 48 மணி நேரத்துக்குள் ஒரு கோடி முறை. ஒரு கோடி தாங்கிய எஃகு இனி உடையாது என்றுதான் பாலிடெக்னிக்கில் படித்தோம். "இவ்வளவு தூரம் ஓடிடுச்சு, இனி ஓடும்" என்று தம்பி சொன்னதும் அதே கணக்குதான். ஆனால் வால்வு ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகில் தூசு உள்ளே இருந்தால், கோடியைத் தாண்டிப் பல கோடியிலும் முறியும். ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஷாட் பீனிங், சிறு குண்டுகளால் கம்பியின் தோலை அடித்து இறுக்கும் முறை, வெளியிலிருந்து வரும் விரிசலைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் தூசை ஒன்றும் செய்யாது. ஸ்பிரிங் டெஸ்டரில் வைத்து அழுத்திப் பார்த்தாலும் கிலோதான் தெரியும், ஆயுள் தெரியாது.

மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. இது எனக்குப் பின்னாளில், ஜப்பான் செய்தி ஒன்றைப் படித்தபோதுதான் முழுசாக உறைத்தது. 2018 நவம்பரில் சுபாரு உலகெங்கும் 4 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் வால்வு ஸ்பிரிங். சுபாரு ஆலையில் செய்த டொயோட்டா 86-உம் அதில் சேர்த்தி. அந்த பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்துக் கிடப்பதால் ஸ்பிரிங் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். முன்மூடியைத் திரும்பப் பூட்டும்போது இடையில் சீலண்ட் தடவ வேண்டும். அமெரிக்காவில் வேலை முடிந்து வந்த சில கார்களின் எஞ்சின் கொஞ்ச நாளில் போயிற்று. அதிகமாகத் தடவிய சீலண்ட் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தது என்று உரிமையாளர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். எத்தனையோ வருஷம் அந்த ஸ்பிரிங்கோடு தொல்லையில்லாமல் ஓடிய கார் வைத்திருந்தவர்கள், வண்டியை விடுவதா வேண்டாமா என்று தவித்தது நியாயமே.

எங்கள் எஸ்டீமில் அந்தச் சிக்கல் இல்லை. ப்ளக் துளை வழியே நைலான் கயிற்றைச் சுருட்டி விட்டு, கிராங்கைக் கையால் சுற்றிப் பிஸ்டனை ஏற்றினால், கயிறு வால்வுகளைத் தாங்கிக்கொள்ளும். ஹெட்டைத் தூக்கவே வேண்டாம். ஆகவே மாற்றுவது என்று முடிவானது. எதைப் போடுவது? வேறு பெயரில் வந்த இன்னொரு கெட்டி ஸ்பிரிங்கைத் தம்பி கையோடு கொண்டுவந்திருந்தார். மேஸ்திரி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார் கம்பெனியின் சாதாரண ஸ்பிரிங் 16-ஐ வாங்கிவரச் சொன்னார். ஒவ்வொன்றின் பொருத்து உயரத்தையும் அளந்து பூட்டினார். ரெவ் லிமிட்டை 6,500-க்கு இறக்கினார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. மெலிந்த ஸ்பிரிங் எந்தச் சுற்றில் தடுமாறும் என்று தெரியும், தெரிந்ததைச் சமாளிக்கலாம் என்பது மேஸ்திரியின் கட்சி. ராலி முழுக்க வண்டி ஓடி முடித்தது; பரிசு ஒன்றும் இல்லை.

கழற்றிய 16-ஐயும் காந்தச் சோதனைக்கு அனுப்பினோம். ஒன்றிலும் விரிசல் இல்லை. "அப்பப் பணம் தண்டமுங்களா?" என்றார் தம்பி. மேஸ்திரி பதில் சொல்லாமல் அவற்றை நசுக்கிப் பழைய இரும்பில் போட்டார், யாரும் எடுத்து மறுபடி பூட்டிவிடக் கூடாதென்று.

இன்று யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். பந்தய எஞ்சின், ஒற்றை ஸ்பிரிங், சந்தேகப்பட்ட செட் என்றால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். வீட்டுக் கார் என்றால் கம்பெனி அழைப்பைத் தட்டாதீர்கள். ஆனால் சாவியைக் கொடுக்கும் முன், வேலையைச் செய்யப்போகும் கை யாருடையது, இந்த எஞ்சினை முன்பு பிரித்திருக்கிறதா என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லையென்றால் வேறு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.