அப்பத்தாவும் மொய் நோட்டும்

போன ஆனி மாசம் பேத்திக்குக் காது குத்தி, கையோட மொய் விருந்தும் வச்சு முடிச்சோம். அப்பத்தாவுக்கு அவ எள்ளுப்பேத்தி. அப்பா இறந்து ஒன்பது வருசம் ஆச்சு. அவரு இருந்திருந்தா அஞ்சு தலைமுறையும் ஒரே பந்தல்ல உக்காந்திருக்கும். ஆதார் கார்டுல அப்பத்தா பிறந்தது 1-1-1932ன்னு போட்டிருக்கு. எங்க ஊர்ல அந்த வயசுக்காரங்க முக்காவாசிப் பேரு ஜனவரி ஒண்ணாந்தேதிதான் பிறந்திருக்காங்க.

மொய் விருந்துன்னா டவுன்ல இருக்கவங்களுக்குக் கொஞ்சம் விளக்கணும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், அந்தப் பக்கம் பேராவூரணி வட்டாரத்துலயும் ஆனி, ஆடியில இது நடக்கும். ஆட்டுக்கறி விருந்து போட்டு, நாம அஞ்சு வருசமா ஊரெல்லாம் செஞ்ச மொய்யைத் திரும்ப வாங்கிக்கிறது. வர்றவங்க பழைய பாக்கியைக் கழிச்சு மேல கொஞ்சம் வைப்பாங்க. அதுக்குப் பேரு புது நடை. அதை நாம அவங்க வீட்டு விருந்துல திருப்பணும். பேங்க் வட்டி இல்லாம கிடைக்கிற பணம். ஆனா எழுத்துதான் எல்லாம். நோட்டுல ஒரு சைபர் போச்சுன்னா மானம் போச்சு.

அப்படித்தான் ஒருதரம் போச்சு. 1985ல எங்க சின்ன அத்தை கல்யாணத்துக்கு ஒரு வீட்டுக்காரங்க 51 ரூபா செஞ்சிருக்காங்க. எழுதினவரு 11ன்னு எழுதிட்டாரு. பக்கத்துலயே வெத்திலை மடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த அப்பத்தாவுக்கு அது கோடு கோடாத்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருசம் கழிச்சு அவங்க வீட்டு விசேசத்துல நோட்டுப்படி 11 வச்சதுக்கு, பந்தியில வச்சே கேட்டுட்டாங்க. அப்பத்தா கைகூடக் கழுவாம எந்திரிச்சு வந்துருச்சு. மறுநாள் கடன் வாங்கி மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்துச்சு. அந்த வீட்டு வாசல்ல அப்புறம் அது தண்ணிகூடக் குடிச்சதில்ல.

1991ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்த நேரம். பத்தாவது முடிச்சுட்டுக் காட்டு வேலை பார்த்துக்கிட்டிருந்த என்னையும் தொண்டரா எழுதிக்கிட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் திண்ணையில அரிக்கேன் வெளிச்சத்துல வகுப்பு. சம்பளம் கிடையாது. முதல் நாளே அப்பத்தா சிலேட்டோட வந்து நின்னுச்சு. எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

"ஒம் பேரை எழுதப் பழகு அப்பத்தா."

"பேரு கெடக்கட்டும் அப்பு. மொதல்ல ஒண்ணு, ரெண்டு, அம்பத்தொண்ணு எப்புடி எழுதுறதுன்னு சொல்லு."

களை எடுத்துக் காய்ச்சுப்போன விரல். பல்பம் ஒடிஞ்சுக்கிட்டே இருக்கும். நாலு மாசத்துல மொய் நோட்டு படிக்கிற அளவுக்கு வந்துருச்சு. 'ழ' மட்டும் கடைசி வரைக்கும் படியல.

அந்தச் சமயத்துல பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. மாவட்டத்துல லட்சத்துக்கும் மேல கத்துக்கிட்டதா பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்காரு. பாதிக்கு மேல பார் வச்ச ஆம்பளை சைக்கிள்தான். பெரிய அத்தை ஏறி ஓட்டினப்ப, எங்க அப்பாவே வாய்க்கு வந்தபடி பேசினாரு. "ஒனக்குத் தெரிஞ்சா நீ ஓட்டு, இல்லாட்டி ஓரமா நில்லு"ன்னு அப்பத்தா போட்ட சத்தத்துல அடங்கிட்டாரு.

எனக்குன்னு அது செஞ்சதுல ஒண்ணு சொல்லணும். 1996ல ஆழ்துளைக் கிணறு போட எங்கேயும் பணம் பெயரல. காதுல கிடந்த தண்டட்டியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு ஆலங்குடிக்குப் போய் வித்துருச்சு. திரும்பி வர்றப்ப பஸ்ல அந்த வெறுங்காது தோள்பட்டைகிட்ட ஆடிக்கிட்டே வந்துச்சு. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தேன்.

இதெல்லாம் நன்றியோட நினைக்கிறேன்தான். ஆனா ஒரு விசயத்துல அது மேல ரொம்ப நாள் கோவமா இருந்தேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிஞ்சு பார்த்தா எங்க 70 தென்னையில 11தான் நிக்குது. பலா ஒண்ணு பாக்கியில்ல. மறு ஆனியில நாங்க மொய் விருந்து வைக்க வேண்டிய முறை. அந்தப் பணத்தை வச்சுத்தான் தோட்டத்தை நிமித்தலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். அப்பத்தா வேணாம்னுருச்சு. "மரம் விழுந்தவன் வீட்டுக்குப் பத்திரிகை வச்சா, அவன் எங்க போவான்?" வெளியில மூணு வட்டிக்கு வாங்கித்தான் கன்னு வச்சேன். அப்புறம் கொரோனா வந்துச்சு. வட்டி கட்டுற ஒவ்வொரு மாசமும் மனசுக்குள்ள அதைத் திட்டியிருக்கேன். அது சொன்னது நியாயம்னு எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் அவ்வளவு கோவம் போல.

தள்ளிப்போன அந்த விருந்துதான் இப்ப நடந்தது. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல மொய் எழுதி ரசீது கொடுக்குறாங்க. அப்பத்தாவுக்காக நோட்டும் வச்சோம். எழுதுறவரு பக்கத்துல நாற்காலி போட்டு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு காலையிலேருந்து உக்காந்துருச்சு. எதிரே மருமகளோட அண்ணன் மடியில பேத்தி. ஆசாரி குத்தினதும் அழுதா பாருங்க, ஒலிபெருக்கி தோத்துச்சு. யாரு தூக்கியும் நிக்கல. அப்பத்தா வாங்கி மடியில வச்சதும், அந்த நீளக் காது ஓட்டைக்குள்ள விரலை விட்டு ஆட்டிக்கிட்டே தேம்பி ஓஞ்சா.

மத்தியானம் கூட்டம் நெருக்கின நேரத்துல, "தம்பி, அது அஞ்சாயிரம். ஒரு சைபர் விட்டுட்டே"ன்னு குரல் கேட்டுச்சு. எழுதுறவரு நோட்டைத் திருப்பிப் பார்த்தாரு. 500ன்னுதான் இருந்துச்சு. மொய் வச்சவரு யாருன்னு பார்த்தேன். அந்த 51 ரூபா வீட்டுப் பேரன். அவருக்கு அந்தப் பழைய கதை எதுவும் தெரியாது. "உக்காந்து சாப்புட்டுட்டுப் போ அப்பு"ன்னு அவரு கையைப் பிடிச்சுப் பந்திக்கு அனுப்பிச்சு.

சாயங்காலம் பந்தல் பிரிக்கிறப்ப முந்தானையிலேருந்து 101 ரூபாயை எடுத்து எங்கிட்ட நீட்டுச்சு. பேத்திக்கு மொய்யாம்.

"நம்ம வீட்டு விசேசத்துக்கு நீயே மொய் வைப்பியா?"

"எழுதுடா. புது நடைன்னு எழுது."

"சரி, இதை யாரு ஒனக்குத் திருப்பிச் செய்றது?"

பேனாவைப் பிடுங்கி அதுவே எழுதுச்சு. தொகையை முதல்ல எழுதிட்டு, அப்புறம்தான் பேரு. நூத்தி ஒண்ணை எண்ணுலயும் எழுத்துலயும் எழுதிக் கீழே ரெண்டு கோடு இழுத்துச்சு.