பத்தியத்துக்கு ஒரு மீன் சாறு

சைவ நேயர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இந்த வாரம் அவர்கள் நேராகத் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடுவது உத்தமம். ஏனென்றால், நான் உங்களை அழைத்துக்கொண்டு போகப் போவது தைவான் தீவில் உள்ள ஒரு மீன் சாற்றுக் கடைக்கு!

தலைநகரான தைபேயில் குளிர்காலத் தூறல் விட்டபாடில்லை. அதில் நனைந்ததன் பலன், என் மனைவிக்கு ஜுரம். 2007-ல் ஓடத் தொடங்கிய அதிவேக ரயிலில் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் தெற்கே தைனான் வந்து சேர்ந்தோம். இங்கே நல்ல வெயில். டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஜுரம் இறங்கிவிட்டது. ஆனால் சாப்பாடுதான் இறங்கவில்லை! மூன்று நாளாக எதைக் கண்டாலும் முகத்தைச் சுளித்தாள். "ஒரு டம்ளர் மிளகு ரசம் கிடைக்குமாங்க?" என்று ஈனஸ்வரத்தில் அவள் கேட்டபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. தைனானில் மிளகு ரசத்துக்கு நான் எங்கே போவேன்?

விடுதிக்கார அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "காலையில் என்னோடு சந்தைக்கு வாருங்கள்" என்றாள் அரைகுறை ஆங்கிலத்தில்.

சுய்சியன் கோயில் சந்தை என்று அதற்குப் பெயர். நீர்த் தெய்வங்களின் கோயிலை நாலாபுறமும் கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சந்தைக்குள் கோயிலா, கோயிலுக்குள் சந்தையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஊதுவத்தி மணமும் மீன் வாடையும் ஒன்றாகவே வந்து நம்மை வரவேற்கின்றன.

ஒரு தகர மேஜை, நாலைந்து முக்காலி, ஒரு கொதிக்கும் அண்டா. இவ்வளவுதான் கடை. ஐஸ் கட்டியின் மேல் வெள்ளி மாதிரி பளபளத்தது ஒரு மீன். நம் கடற்கரைப் பக்கத்தில் பால் கெண்டை என்கிறார்களே, அதேதான். தைனான்காரர்கள் முந்நூறு வருஷங்களுக்கு மேலாகக் குளம் வெட்டி இதை வளர்க்கிறார்கள். உடம்பில் இருநூறுக்கு மேல் முள்! கடைக்காரப் பாட்டி பேசிக்கொண்டே முள்ளை நீக்குகிறாள்.

1661-ல் டச்சுக்காரர்களை விரட்ட இங்கே வந்து இறங்கிய தளபதி கோக்சிங்கா, "இது என்ன மீன்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியே மீனுக்குப் பெயராகிவிட்டது என்பது ஊரார் சொல்லும் கதை. குளிர் மட்டும் இதற்கு ஆகாது. 2016 ஜனவரியில் அடித்த கடுங்குளிரில் குளம் குளமாகச் செத்து மிதந்தனவாம். சாட்சாத் என் மனைவியின் ஜாதிதான்!

"அது உங்களுக்கு. நோயாளிக்கு வேறு" என்று விடுதிக்கார அம்மாள் காட்டியது கொடுவா மீன். ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் தைவானில் கொடுவாச் சாறுதான் பத்தியம். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பதில்லையா?

செய்முறையும் சுலபம். முள்ளும் தலையும் வெந்த தண்ணீரில் மீன் துண்டு, நூல் நூலாக நறுக்கிய இஞ்சி, உப்பு, வாடை போக ஒரு சொட்டு அரிசி மது. மீன் வெந்த கணமே கிண்ணத்தில் வந்துவிடும். மிளகாய் இல்லை, புளி இல்லை, மஞ்சள் கூட இல்லை! 'மீன் குளித்த தண்ணீர்தானோ?' என்று எனக்குச் சந்தேகம். மிளகாய்ச் சாந்துக் கிண்ணத்தை எட்டி எடுக்கப் போனேன். பாட்டி என் மணிக்கட்டில் செல்லமாக ஓர் அடி வைத்தாள். முதலில் அப்படியே குடிக்க வேண்டுமாம்.

குடித்தேன். துளிக்கூடக் கவிச்சி இல்லை. முதல் நாள் இரவு வரை குளத்தில் நீந்திய மீனுக்கு மசாலா எதற்கு? மறைக்க வேண்டியது இருந்தால் அல்லவா மறைப்பதற்கு!

என் கண்ணெல்லாம் மனைவி மேலேயே இருந்தது. இஞ்சி மணத்தோடு எழுந்த ஆவியைச் சற்று நேரம் முகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு கரண்டி... இரண்டு கரண்டி... நெற்றியில் வேர்வை அரும்பியது. பிறகு கிண்ணத்தையே தூக்கிக் குடித்துவிட்டாள்!

"ரசம் மாதிரி இல்லைங்க. ஆனால் ரசம் செய்கிற வேலையைச் செய்கிறது" என்றாள். பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காலிக் கிண்ணத்தைப் பார்த்துப் பொக்கை வாய் நிறையச் சிரித்தாள்.

மூன்று நாளாகக் கனத்துக் கிடந்த என் மனசு லேசாயிற்று. இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று என் கிண்ணத்தில் கை வைத்தேன். அதற்குள் மனைவி எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களது என்ன மீன்?"

கோக்சிங்கா கேட்ட அதே கேள்வி! பதில் சொல்லாமல் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டேன்.