லேயில் சும்மா இருந்த இரண்டு நாள்

கிள்ளானில், கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவரும் நானும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு லடாக் கிளம்பியபோது, உயரம் என்றால் எனக்குக் கேமரன் மலைதான். அங்கே தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். லே நகரமோ 3,500 மீட்டர்.

டில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் இறக்கிவிட்டது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். விடுதி மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றேன். மாலையில் தலை விண்விண் என்று தெறித்தது. சொல்லவில்லை. மறுநாள் கர்துங் லா கணவாய்க்கு ஜீப் பேசியாயிற்று. அது 5,300 மீட்டருக்கும் மேல். இரண்டு வருடச் சேமிப்பில் வந்த பயணத்தை நான் கெடுக்கலாமா?

இரவு சாப்பாட்டை நான் தொடாததை விடுதி அம்மா கவனித்துவிட்டார். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறதா என்பதுபோல் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்ற கணவர், அப்போதே ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் படுக்கை, தண்ணீர், சூடான சூப். மூன்றாம் நாள், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒன்பது அடுக்கு லே அரண்மனைக்கு மெல்ல நடந்தே ஏறினோம். கீழே மண் வீடுகள், பாப்லர் மரங்கள், எதிரே பனிமலை. ஐந்தாம் நாள் கணவாய்க்கும் போனோம். கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

லே போகிறீர்களா? முதல் இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். தலைவலியை மறைக்காதீர்கள். ஓய்வெடுத்தும் கூடினால் மருத்துவரைப் பாருங்கள், உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குங்கள். கணவாய் அங்கேயேதான் இருக்கும்.