பூனை காட்டிய மாட்டுங்கா

மும்பைத் தமிழரிடம் மாட்டுங்காவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதாகும். வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் மணக்கும் சந்தை, 1923ஆம் ஆண்டில் தோன்றிய ஆஸ்திக சமாஜம், 1932ஆம் ஆண்டில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஆகியவற்றை அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே அரிது. நாங்களும் பதினோராண்டுகளாக இங்குக் குடியிருப்பவர்களே. ஆயினும் இவ்வூரை உள்ளபடி கண்டது சென்ற ஆண்டு ஆனி மாதத்தில்தான். அதைக் காட்டியது ஒரு பூனை.

மூன்று நாட்களாக மழை விடவில்லை. மாடிப்படியின் கீழ் நனைந்து நடுங்கிக் கொண்டிருந்தது அது. வெண்ணிற உடல், முதுகில் சாம்பல் நிறத் திட்டுகள், கழுத்தில் சிவப்புக் கயிற்றில் கோத்த சிறு பித்தளை மணி. "யார் வீட்டுச் செல்வமோ!" என்று பாட்டி பழைய துண்டால் துவட்டினார். கழுத்து மணியைக் கண்ட குழந்தைகள் அதற்கு 'மணி' என்றே பெயரிட்டனர். அழைத்த மாத்திரத்தில் அது திரும்பிப் பார்த்தது. புத்திசாலிப் பூனை என்று வியந்தோம்.

கிண்ணம் நிறையப் பால் வைத்தோம். மறுநாள் அதற்கு வயிறு கெட்டது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை என்றும், தண்ணீரும் புலால் உணவுமே ஏற்றவை என்றும் கால்நடை மருத்துவர் சொன்னார். எங்களுடையதோ சைவக் குடும்பம். பாட்டி நெடுநேரம் யோசித்து, "பசித்த உயிருக்கு நம் ஆசாரம் எதற்கு? பால்கனியில் வைத்துக் கொடுங்கள்" என்று தீர்ப்பளித்தார். மருத்துவர் இன்னொரு யோசனையும் கூறினார். விளம்பரம் எழுதும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்துவிட வேண்டும். உரியவர் அதைத் தாமே சொல்வார். ஆகவே கழுத்து மணியைப் பற்றி நாங்கள் எழுதவில்லை.

தமிழில் நாங்கள் எழுதினோம். மராத்தியில் எழுதித் தந்தவர் எதிர்வீட்டுக்காரர். அத்தனை ஆண்டுகளும் அவரோடு தலையசைப்பைத் தவிர வேறு பழக்கம் இருந்ததில்லை. குஜராத்தியில் எழுதித் தந்தவர் மருந்துக் கடைக்காரர். மாலைதோறும் குடையும் காகிதக் கட்டுமாகப் புறப்பட்டோம். ஐந்து தோட்டங்களைச் சுற்றியும், அடுத்துள்ள பார்சிக் குடியிருப்பின் மரநிழற் சாலைகளிலும் கதவு கதவாகக் கேட்டோம்.

1896ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடியான பழைய நகருக்கு வெளியே காற்றோட்டமாக மக்கள் வாழவேண்டும் என்று, 1898ஆம் ஆண்டில் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த பகுதிகளுள் தாதரும் மாட்டுங்காவும் அடங்கும். எலியால் பரவிய நோயின் பயனாக எழுந்த ஊரில், பூனைக்கு வீடு தேடி அலைகிறோமே என்று எங்களுக்குள் சிரித்துக் கொண்டோம்.

ஒருவர் வந்து பூனை தம்முடையதே என்றார். கழுத்தில் என்ன இருந்தது என்று வினவியதும் விழித்தார், விடைபெற்றுச் சென்றார்.

நான்காம் நாள் பூக்கார அம்மாள் வழி சொன்னார். பின்தெருவில், புதிதாகக் கட்டுவதற்காகக் குடிகளை வெளியேற்றிய பழைய மூன்று மாடிக் கட்டடத்தில், பூனை வளர்த்த மராத்திய மூதாட்டி ஒருவர் இருந்தாராம். காவற்காரரிடம் தொலைபேசி எண் கிடைத்தது. தாணேயிலிருந்து நடுங்கும் குரல் கேட்டது: "சிவப்புக் கயிற்றில் சின்ன மணி இருக்கிறதா?"

ஞாயிறன்று மூங்கில் கூடையுடன் ரயிலேறி வந்தார் அந்த ஆஜி. வாசலில் நின்று "மனி!" என்று அழைத்தார். அலமாரிமேல் இருந்த பூனை ஒரே தாவலில் அவர் மடிக்கு வந்தது. மராத்திய வீடுகளில் பூனைக்கு வழங்கும் செல்லப் பெயராம் அது. குழந்தைகள் வைத்த பெயருக்கு அது திரும்பிய மர்மம் அப்போதுதான் விளங்கிற்று!

வீடு மாறிய அன்று அது கூடையிலிருந்து குதித்து ஓடிவிட்டதாம். மூன்று முறை வந்து தேடினாராம். பாட்டி அளித்த காப்பியைப் பருகியபடி ஆஜி சொன்னார்: "நாற்பது ஆண்டு இந்தத் தெருவில் இருந்தேன். புது இடத்தில் அடுத்த வீட்டார் பெயர்கூடத் தெரியவில்லை. பேசுவதற்கு இவளாவது வேண்டும்."

பாட்டி எதுவும் பேசவில்லை. ஊரைவிட்டு முதன்முதலாக இங்கு வந்த நாட்கள் அவர் நினைவில் எழுந்திருக்க வேண்டும். பூனையை வைத்துக்கொள்வோம் என்று அழுத இளைய மகளும் அடங்கிவிட்டாள். தானே கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம்வரை நடந்தாள்.

கட்டடம் எழுந்ததும் ஆஜி திரும்பி வருவார். அதுவரை மாதம் ஒருமுறை நாங்கள் தாணேக்குச் சென்று வருகிறோம். எதிர்வீட்டுக்காரரும் உடன் வருகிறார். பதினோராண்டுகளாக நாங்கள் பெயர் கேளாதிருந்த அவர், இப்போது எங்கள் குழந்தைகளுக்கு மராத்தி கற்பிக்கிறார்.